முதல் இணையத்தளம்: ஒரு பைலும் மூன்று படங்களும்

பரந்தனில் நான் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடைக்கு, உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் சிவி ரைப் பண்ண வருவார்கள். பிரிண்ட் எடுத்து முடிகிற நேரத்தில் ஒருவராவது கேட்பார்: "அண்ணை, சொந்தமா ஒரு வெப்சைட் செய்ய எங்க கோர்ஸ் படிக்கலாம்?" கோர்ஸ் தேவையில்லை என்று சொன்னால், ஏதோ மறைக்கிறேன் என்ற மாதிரிப் பார்ப்பார்கள். நானும் கோர்ஸ் படித்தவன் இல்லை. கடை பூட்டிய பிறகு அதே கொம்பியூட்டரில் இருந்து பிழை விட்டு விட்டுப் பழகியதுதான். அந்தப் பிழைகளை நீங்களும் விடத் தேவையில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது மிகச் சின்னத் தளம். ஒரு பக்கம், கொஞ்ச எழுத்து, இரண்டு மூன்று படம், அவ்வளவுதான். 1991இல் டிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் திறந்த முதல் இணையத்தளமே வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். பரந்தன் முல்லைத்தீவு றோட்டில் பஸ்ஸில் போகிறவர், போனில் சிக்னல் ஒரு கோடாக இறங்கிய இடத்திலும் திறந்து பார்க்க வேண்டும் என்றால், எங்கள் தளமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதலில் கொப்பியில்

கொம்பியூட்டரைப் போட முதல் ஒரு கொப்பியை எடுங்கள். என்ன எழுதப் போகிறீர்கள்? புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: என் பெயர் இது, படித்த பாடசாலை இது, பொழுதுபோக்கு கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. நானும் அதைத்தான் எழுதினேன். அதை என் தங்கச்சிகூட முழுதாக வாசிக்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த, கூகுளில் தேடினால் கிடைக்காத ஒன்றை எடுங்கள். உங்கள் ஊர்க் குளத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தாத்தா சொல்கிற கதை. அம்மம்மா பனாட்டுப் போடுகிற முறை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போன இரவு. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது கச்சான் வாங்கிப் பேசிப் பழகிய அம்மாவின் கதை. அதில் ஒன்றை ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் 2009க்கு முந்திய படம் இரண்டே இரண்டுதான் இருக்கிறது. ஆல்பம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. இந்த இரண்டும் முன்பே கனடாவுக்குத் தபாலில் போனதால் தப்பியவை. சித்தப்பா திரும்ப அனுப்பிவைத்தார். அந்த இரண்டையும், 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது நான் எடுத்த ஒரு படத்தையும் வைத்துத்தான் என் பக்கத்தைக் கட்டினேன்.

பைல்

இணையத்தளம் என்பது கடைசியில் ஒரு போல்டருக்குள் கிடக்கும் பைல்கள்தான். முதலில் அந்தப் போல்டரைச் செய்யுங்கள். கொம்பியூட்டரில் எதையாவது நிறுவ அனுமதி இருந்தால் மைக்ரோசொஃப்டின் விஎஸ் கோட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் புதுப் பைல் ஒன்று திறந்து 'இன்டெக்ஸ் டொட் எச்ரிஎம்எல்' என்ற பெயரில் சேமிக்க வேண்டும். பெயர் முழுக்க ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. யாராவது உங்கள் முகவரியைத் திறந்தால் சேர்வர், அதாவது தளத்தை வைத்திருக்கும் கொம்பியூட்டர், முதலில் தேடுவது இந்தப் பெயர் உள்ள பைலைத்தான். வேறு பெயர் வைத்தால் 'பக்கம் இல்லை' என்று வரும்.

பள்ளிக்கூடத்து லாப்பில் நோட்பாட் மட்டும்தான் இருக்கிறதா, அதிலும் செய்யலாம். ஆனால் சேமிக்கும்போது பைல் வகையில் 'ஓல் பைல்ஸ்' என்று தெரிவு செய்யுங்கள். மறந்தால் பெயருக்குப் பின்னால் ஒரு 'ரிஎக்ஸ்ரி' வால் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலைக் காட்டாமல் மறைத்தும் வைத்திருக்கும். பழைய விண்டோஸ் என்றால் அதே பெட்டியில் என்கோடிங் என்ற இடத்தில் யூரிஎஃப்-8 என்று மாற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தமுறை திறக்கும்போது தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக நிற்கும்.

விஎஸ் கோட்டில் ஒரு சுகம் இருக்கிறது. வெறும் பைலில் ஒரு ஆச்சரியக்குறியைப் போட்டு டாப் விசையை அழுத்துங்கள். பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் தானாக வந்து விழும். அதில் மூன்று இடத்தைப் பாருங்கள். மேலே மொழியைச் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்துக்கான 'ஈஎன்' இருக்கும். அதை அழித்துத் தமிழுக்கான 'ரிஏ' என்று போடுங்கள். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் இதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலை எடுக்கும். அடுத்தது 'டைட்டில்'. அங்கே 'டொக்கியுமென்ட்' என்று கிடப்பதை அழித்து உங்கள் பக்கத்தின் பெயரை எழுதுங்கள். கூகுளில் பெரும்பாலும் வருவது அந்தப் பெயர்தான். மூன்றாவது 'வியூபோர்ட்' என்று தொடங்கும் வரி. அதைத் தொடாதீர்கள். அது இல்லாவிட்டால் போனில் பக்கம் முழுவதும் எறும்பு அளவில் சுருங்கித் தெரியும்.

பாமினி

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் விழுகிற குழி இதுதான்.

கடையில் நாங்கள் இன்றைக்கும் கடிதம், விண்ணப்பம் எல்லாம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடிக்கிறோம். என் முதல் கட்டுரையையும் வேர்ட்டில் பாமினியில் அடித்து, கொப்பி செய்து, பக்கத்தில் ஒட்டினேன். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் பின்னால் ஒரு அரைப்புள்ளியும் நின்றன. வைரஸ் என்று நினைத்து கொம்பியூட்டரை ஸ்கான் பண்ணினேன் என்றால் சிரிப்பீர்கள்.

நடந்தது இதுதான். பாமினி ஒரு வேஷம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு அதற்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத போனுக்குப் போனதும் போர்வை கழன்றுவிடும். யூனிகோட் அப்படியில்லை. அங்கே தமிழ் எழுத்துகளுக்கும் கொம்பு, விசிறி போன்ற குறிகளுக்கும் சொந்த எண்கள் இருக்கின்றன, இன்றைய போன்களில் தமிழாகவே தெரியும். ஆகவே இணையத்துக்கு யூனிகோட் மட்டும்தான். ஏற்கெனவே பாமினியில் அடித்து வைத்திருந்தால், பாமினி யூனிகோட் மாற்றி என்று தேடினால் இலவசமாகப் பல கிடைக்கும். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கொம்புகள் அங்கும் இங்கும் இடம் மாறி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். பாமினி விசைகளுக்கே விரல் பழகிவிட்டது என்றால் இ-கலப்பை என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே விசையில் அடிக்கலாம், யூனிகோட்டாக விழும். போனில் கூகுள் விசைப்பலகையில் குரலாலேயே சொல்லி எழுதிவிட்டுப் பிழை திருத்துவதும் ஒரு வழி. நான் நீளமானவற்றை அப்படித்தான் செய்கிறேன்.

எழுத்தை உள்ளே போடுவது

எலும்புக்கூட்டில் 'பொடி' என்று திறந்து மூடும் இடத்துக்குள்தான் பார்ப்பவருக்குத் தெரிகிற எல்லாம் வரும். கணக்குப் பாடத்தில் சிறிது, பெரிது என்று போடுகிற இரண்டு குறிகள் இருக்கின்றனவே, அவற்றுக்குள் ஒரு சின்னச் சொல்லை எழுதினால் அது ஒரு டாக். பந்திக்கு 'பி' என்ற ஒற்றை எழுத்து. தலைப்புக்கு 'எச்'சும் பக்கத்தில் 1 என்ற எண்ணும். இணைப்புக்கு 'ஏ'. படத்துக்கு 'ஐஎம்ஜி'. பந்தி தொடங்கும் இடத்தில் 'பி' டாக், முடியும் இடத்தில் அதே டாக் ஒரு சாய்கோட்டுடன். படத்துக்கு மட்டும் மூடும் டாக் தேவையில்லை. என்னைக் கேட்டால், முதல் மாதத்துக்கு இந்த நாலும் போதும்.

சேமித்துவிட்டு அந்தப் பைலை இரண்டு முறை கிளிக் பண்ணுங்கள். குரோமில் உங்கள் பக்கம் திறக்கும். இதற்கு டேட்டா ஒரு எம்பிகூடச் செலவாகாது. ரீலோட் போடக் காசில்லாத நாளிலும் வேலை செய்யலாம்.

அழகுக்கு சிஎஸ்எஸ், பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் மொழி. அதில் மூழ்கினால் ஒரு மாதம் போய்விடும், ஆகவே அளவோடு தொடுங்கள். எழுத்தின் அளவு 18 பிக்சல். வரி உயரம் 1.7, தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி எங்களுக்குக் காணாது. பக்கத்தின் உச்ச அகலம் 650 பிக்சல் அளவில். பின்னணி வெள்ளை, எழுத்து கறுப்பு. பேப்பரில் வருவது போல இரண்டு ஓரத்தையும் சமப்படுத்தும் 'ஜஸ்டிஃபை' வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். அவற்றை இழுத்துச் சமப்படுத்தினால் நடுவில் வாய்க்கால் ஓடும்.

டாக் ஒன்று மறந்துவிட்டால் டாக்குகளை விளக்கும் மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் பாருங்கள். ஆங்கிலம்தான், ஆனால் உதாரணங்களைப் பார்த்தாலே விளங்கும். உங்களுக்குப் பிடித்த எந்தத் தளத்திலும் கண்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்தினால் அது எழுதப்பட்ட விதம் அப்படியே தெரியும். நான் அதிகம் படித்தது அப்படித்தான்.

படங்கள்

இரணைமடுப் படத்தைப் பெரிய பெருமையோடு போட்டேன். போனில் எடுத்தபடியே, 4.2 எம்பி. முல்லைத்தீவில் இருக்கும் சிநேகிதனுக்கு இணைப்பை அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து அவன் எடுத்துச் சொன்னான்: "மச்சான், வான் பாயிற படம் எண்டு சொன்னாய், எனக்கு வானம் மட்டும்தான் வந்திருக்கு." படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மேல் பாதியில் நின்றுவிட்டது. தண்ணீர் இருந்தது கீழ்ப் பாதியில்.

அன்றைக்கே படத்தைச் சுருக்கப் பழகினேன். கூகுள்காரர் செய்த ஸ்குவூஷ் என்ற தளம் பிரவுசரிலேயே வேலை செய்யும். அகலத்தை 1200 பிக்சலாக மாற்றி, தரத்தை 75 அளவில் வைத்தேன். 4.2 எம்பி 180 கேபி ஆனது. போனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு படம் 200 கேபியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். என் பைலில் படத்தின் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். போல்டரில் இருந்த படத்தின் கடைசியில் போன் தானாக வைத்த 'ஜேபிஜி' பெரிய எழுத்தில் இருந்தது. கடையில் பார்த்தபோது படம் தெரிந்தது. இணையத்தில் ஏற்றியதும் உடைந்த சின்னச் சதுரம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், பெரும்பாலான சேர்வர்களுக்கு அவை இரண்டு வேறு பைல்கள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துவிட்டால் இந்தத் தலையிடி வராது. பைலுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசை வரும். வைத்தால் வேலை செய்யும், ஆனால் முகவரியை வட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் எண்ணும் எழுத்துமாக நீண்டு போகும். 'தமிழ்' என்ற ஒரு சொல் மட்டும் 45 குறிகளாக நீளும்.

'ஐஎம்ஜி' டாக்கில் 'ஆல்ட்' என்று ஒரு இடம் உண்டு. படம் வராவிட்டால் அதில் எழுதியதுதான் தெரியும். 'படம் 1' என்று எழுதாமல் 'இரணைமடு வான்கதவுகளால் தண்ணீர் பாய்கிறது' என்று எழுதுங்கள். 

பழைய படங்கள் என்றால் போனால் திரும்பப் படம் எடுக்காமல் கடையில் ஸ்கான் பண்ணுங்கள், குறைந்தது 300 டிபிஐ. பெரிய பைலை அப்படியே பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் வையுங்கள். சுருக்கியது மட்டும் தளத்துக்கு. எந்தப் படமும் ஒரே இடத்தில் மட்டும் கிடக்கக் கூடாது. ஏனென்று எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

போடக் கூடாதவை

அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, அம்மாவின் போன் நம்பர், சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளின் படம், இவை எதுவும் வேண்டாம். தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் போதும், அதுவும் இதற்கென்று புதிதாகத் திறந்தது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கலாம். வீட்டு முற்றத்தில் எடுத்த படம் என்றால் வீட்டு வாசலையே காட்டிக்கொடுத்துவிடும். கமெராவின் செட்டிங்ஸில் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால் உங்களுக்கே வட்ஸ்அப்பில் படமாக அனுப்பித் திரும்பச் சேமித்தால் அந்தக் குறிப்பு கழன்றுவிடும்.

பிறர் முகம் இருக்கும் படத்துக்குக் கேட்டுவிட்டுப் போடுங்கள். என் பழைய படம் ஒன்றில் நிற்கும் மாமி "மற்றதைப் போடு, இது வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் நிற்கும் பக்கத்தை வெட்டிவிட்டுப் போட்டேன்.

ஏற்றுவது

காசில்லாமல் தளம் வைக்கப் பல இடம் உண்டு. முன்பு ஒரு நிறுவனத்தின் 'முதல் மூன்று மாதம் இலவசம்' என்ற திட்டத்தில் வைத்திருந்தேன். நாலாம் மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது, அடுத்த கிழமை பக்கம் போய்விட்டது. பைல் என் போல்டரில் இருந்ததால் தப்பினேன். இப்போது கிட்ஹப் பேஜஸில் இருக்கிறேன். கிட்ஹப் என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் பைல்களை வைக்கும் தளம். நியோசிட்டீஸ் என்ற இடமும் நல்லது, ஆரம்பக்காரருக்கு இன்னும் சுலபம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கிட்ஹப் கணக்கு ஒன்று இருப்பது உதவும்.

கிட்ஹப்பில் கணக்குத் திறக்கும்போது பயனர் பெயரைக் கவனமாக வையுங்கள், அதுதான் உங்கள் முகவரியாகப் போகிறது. கிரிக்கெட் டீமில் கூப்பிடும் பட்டப்பெயர் வேண்டாம். பிறகு புது ரெப்பொசிட்டரி ஒன்று, அதாவது பைல்களை வைக்கும் போல்டர். அதன் பெயர், உங்கள் பயனர் பெயரும் அதோடு ஒட்டி 'டொட் கிட்ஹப் டொட் ஐஓ'வும். ஒரு எழுத்துப் பிசகினாலும் நினைத்த முகவரி கிடைக்காது. இலவசக் கணக்கு என்றால் ரெப்பொசிட்டரி பப்ளிக்காக இருக்க வேண்டும். போல்டரில் உள்ள பைல்களை இழுத்து விட்டு, கீழே மாற்றத்தைப் பதியும் 'கமிட்' பொத்தானை அழுத்துங்கள். பிறகு செட்டிங்ஸில் பேஜஸ் என்ற இடத்துக்குப் போய், 'மெயின்' கிளை தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் தளம் திறக்கும். பூட்டுக்குறியுடன் வரும் பாதுகாப்பான முகவரியும் காசில்லாமலே கிடைக்கும்.

இரட்டைச் சரிபார்ப்புப் போடச் சொல்லிக் கேட்டால் போடுங்கள். அப்போது தருகிற மீட்புக் குறியீடுகளைப் பேனையால் கொப்பியில் எழுதி வையுங்கள். போன் தண்ணீருக்குள் விழுந்தால் கணக்குக்குள் நுழைய அதுதான் வழி.

சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்று பதிந்த முகவரிப் பெயர், முதல் வருடம் தேவையில்லை. ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டும், மறந்தால் பெயர் பறிபோகும். தெரிந்து வைத்திருங்கள்: 'டொட் எல்கே' போலவே 'டொட் இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரியும் எங்கள் நாட்டுக்கு இருக்கிறது. காசு சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

திருத்துவது

தளம் திறந்த அன்று இரவு அம்மாவின் போனில் காட்டினேன். படங்களை நெடுநேரம் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி, பழைய வீட்டு வாசலில் கிடந்த உரல் தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு எழுத்துக்கு வந்தார். "தம்பி, இதென்ன, கிளினொச்சி எண்டு போட்டிருக்கிறாய்?" இருபது தடவை வாசித்தும் என் கண்ணில் படாத பிழை. நீங்களும் வீட்டில் சத்தமாக வாசிக்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு உலகத்துக்குக் காட்டுங்கள்.

திருத்த கொம்பியூட்டர் வேண்டியதில்லை. போனில் கிட்ஹப்பைத் திறந்து, அந்தப் பைலுக்குப் போய், பென்சில் சின்னத்தை அழுத்தி, ஒரு எழுத்தை மாற்றிக் கமிட் செய்தால் சரி. அடுத்த நாள் காலை கடைக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடி செய்தேன். கடைக் கொம்பியூட்டரில் உள்ள பிரதியையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மறந்தால் அடுத்தமுறை பழைய பைலை ஏற்றி, திருத்திய பிழையை நீங்களே திரும்பக் கொண்டுவந்து வைப்பீர்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் போனில் மட்டும் இன்னும் கிளினொச்சிதான். பயப்பட ஒன்றுமில்லை, பிரவுசர் முதல்நாள் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது. விரலால் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்துவிட்டால் புதியது வரும்.